சித்தப்பா ரிட்டயர் ஆகறதுக்குள்ள வீட்டுக் கடன் எவ்வளவு குறையும்? ஒரு ஆம்பூர் வீட்டுக் கணக்கு



ஜனவரியில ஊருக்குப் போயிருந்தப்ப, ஆம்பூர்ல சித்தப்பா வீட்ல ஒரு மத்தியானம் முழுக்க வீட்டுக் கடன் பேச்சுதான். சித்தப்பா பையன், என் தம்பி முறை, வயசு 27. ஒரு ஷூ கம்பெனியில ஏற்றுமதி டாக்குமென்ட்ஸ் பார்க்கறான். சித்தப்பா வேற கம்பெனியில கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். ரெண்டு பேரும் சேர்ந்து 2021 ஏப்ரல்ல 25 லட்சம் கடன் வாங்கி வீடு கட்டினாங்க. அவன் ஒரு லோன் ஸ்டேட்மென்ட்டை என் கையில கொடுத்துட்டு கேட்டான்:

"அண்ணா, 56 மாசமா ஒரு இஎம்ஐ கூட தவறாம கட்டியிருக்கோம். பன்னிரண்டரை லட்சம் போயிருக்கு. அசல் மூணே கால் லட்சம்தான் குறைஞ்சிருக்கு. பேங்க்காரங்க ஏமாத்தறாங்களா?"

ஏமாத்தல. கணக்கு சரியாதான் இருந்தது. ஆனா அந்தக் கணக்கு அவங்களுக்குப் புரியற மாதிரி யாரும் ஒரு தடவை கூட உட்கார்ந்து சொல்லல. உங்கள்ல நிறைய பேர் அப்பாவோட சேர்ந்து கோ-பாரோயரா கையெழுத்துப் போட்டிருப்பீங்க. அதனால அவங்க அனுமதியோட, பேரைச் சொல்லாம, இந்தக் கணக்கை முழுசா இங்க எழுதறேன்.

15 வருஷக் கடன் 20 வருஷமா ஆனது எப்படி?

கடன் வாங்கினப்ப ரிசர்வ் வங்கியோட ரெப்போ விகிதம் 4%. இவங்க வட்டி ரெப்போ + 3%, அதாவது 7%. 15 வருஷம், இஎம்ஐ 22,471 ரூபாய். முதல் இஎம்ஐ 2021 மே, கடைசி இஎம்ஐ 2036 ஏப்ரல்.

2022 மே மாசத்துல இருந்து ரிசர்வ் வங்கி ரெப்போவை ஏத்த ஆரம்பிச்சது. 2023 பிப்ரவரிக்குள்ள 4% இருந்தது 6.5% ஆச்சு. 2019 அக்டோபருக்கு அப்புறம் வங்கிகள் கொடுக்கற ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடன் எல்லாம் ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோட கட்டப்பட்டிருக்கணும். அதனால ரெப்போ ஏறினா உங்க வட்டியும் தானா ஏறும். இவங்க வட்டி 7-ல இருந்து 9.5% ஆச்சு.

ஆனா இஎம்ஐ மாறல! அதே 22,471 தான். வீட்ல எல்லாரும் "நம்ம கடனுக்கு ஒண்ணும் ஆகல"ன்னு நிம்மதியா இருந்தாங்க. உள்ள நடந்தது இது:

- 2021 மே, முதல் இஎம்ஐ: வட்டிக்கு 14,583, அசலுக்கு 7,887.
- 2023 ஏப்ரல்: வட்டிக்கு 18,500, அசலுக்கு வெறும் 3,971.

அசலுக்குப் போற பணம் பாதியாச்சு. இஎம்ஐ ஏறாததுக்குப் பதிலா கடன் காலம் நீண்டுடுச்சு. பாக்கி 157 மாசம் இருக்க வேண்டியது 220 மாசமா மாறுச்சு. சத்தமே இல்லாம அஞ்சே கால் வருஷம் கூடிடுச்சு.

2025-ல பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர்னு நாலு தடவை ரெப்போ குறைஞ்சு 5.25% வந்தது. இவங்க வட்டி இப்போ 8.25%. பாக்கி அசல் 21.75 லட்சம். இதே இஎம்ஐ கட்டினா இன்னும் 160 மாசம், 2039 ஏப்ரல் வரைக்கும் ஓடும். முதல்ல சொன்ன தேதியை விட இன்னும் மூணு வருஷம் அதிகம். இனிமே கட்டப் போற வட்டி மட்டும் 14.16 லட்சம்.

ஒண்ணு கவனிங்க. இந்த ஜனவரி மாசம், 57-வது இஎம்ஐ-ல வட்டிக்குப் போனது 14,953 ரூபாய். முதல் மாசம் கட்டின வட்டியை விட இது அதிகம். நாலே முக்கால் வருஷம் கட்டியும், வட்டியைப் பொறுத்தவரைக்கும் தொடங்கின இடத்துலயேதான் நிக்கறாங்க.

சித்தப்பாவுக்கு 2029 கடைசியில 58 முடியுது, ரிட்டயர்மென்ட். அப்ப இதே வேகத்துல போனா பாக்கி 17.49 லட்சம் இருக்கும். அதுக்கப்புறம் ஒம்போது வருஷத்துக்கு மேல தம்பி ஒருத்தன் சம்பளத்துல 22,471 போகணும். சித்தப்பா அன்னைக்கு அதிகம் பேசல. "எனக்கப்புறம் இவன் தலையில விழக்கூடாதுப்பா"ன்னு மட்டும் சொன்னார்.

மாசம் 5,000 கூடக் கட்டினா என்ன ஆகும்?

தம்பி கட்டிட்டு இருந்த மாசம் 5,000 ரூபாய் சீட்டு டிசம்பர்ல முடிஞ்சது. அந்த 5,000 இப்போ கையில நிக்குது. அதை வெச்சு மூணு கணக்கு போட்டோம். மூணுக்கும் வட்டி 8.25% அப்படியே இருக்குன்னு வெச்சுக்கிட்டோம்.

1. எதுவும் செய்யாம விட்டா: 160 மாசம். கடைசி இஎம்ஐ 2039 ஏப்ரல். வட்டி 14.16 லட்சம்.
2. மாசம் 5,000 கூடுதலா அசல்ல கட்டினா: 115 மாசம். 2035 ஜூலையில முடியும். வட்டி 9.76 லட்சம். மிச்சம் 4.4 லட்சம்.
3. மாசம் 5,000, அதோட வருஷா வருஷம் தீபாவளி போனஸ்ல 30,000 கட்டினா: 102 மாசம். 2034 ஜூன்ல முடியும். வட்டி 8.56 லட்சம். மிச்சம் 5.6 லட்சம்.

மூணாவது வழியில போனா, சித்தப்பா ரிட்டயர் ஆகற அன்னைக்கு பாக்கி 13.28 லட்சம். 17.49 லட்சத்துக்கும் இதுக்கும் 4.2 லட்சம் வித்தியாசம். கடன் முழுசா முடியாது, ஆனா தம்பியால தூக்கக்கூடிய சுமையா மாறும்.

போனஸ் விஷயம்: நம்ம தோல் பெல்ட்ல இருக்கறவங்களுக்கு இது புதுசில்ல. சட்டப்படி தகுதியுள்ளவங்களுக்கு குறைந்தபட்ச போனஸ் 8.33%, அதிகபட்சம் 20%. வீட்ல ரெண்டு பேர் போனஸும் சேர்ந்து வரும்போது, துணி, பலகாரம், ஊர்ச் செலவு எல்லாம் போக 30,000 எடுத்து வைக்க முடியும்னு அவங்களே சொன்னாங்க. நான் கட்டாயப்படுத்தல. உங்க வீட்ல 10,000 தான் முடியும்னா 10,000. அதுவும் வேலை செய்யும்.

ஒரு லட்சத்தை உடனே கட்டிடலாமா? நான் வேண்டாம்னு சொன்னேன்

சீட்டு முடிஞ்சப்ப கடைசித் தொகையா ஒரு லட்சம் வந்திருந்தது. தம்பி அதை அன்னைக்கே கடன்ல போடத் தயாரா இருந்தான். ஏற்கெனவே ஆன்லைன்ல கணக்குப் பார்த்திருக்கான்: இன்னைக்கு ஒரு லட்சம் கட்டினா கடைசியில கிட்டத்தட்ட 13 இஎம்ஐ இல்லாம போகும். ஒரு லட்சம் போட்டு 1.87 லட்சம் வட்டி மிச்சம்! கேட்கவே ஆசையா இருக்கு இல்ல?

கணக்கு சரிதான். ஆனா இதுல மாயம் எதுவும் இல்ல. ஒரு லட்சம் 8.25% கூட்டு வட்டியில 13 வருஷம் வளர்ந்தா என்ன ஆகுமோ, அதுதான் இது. முன்கூட்டிக் கட்டறதுங்கறது, உங்க கடன் வட்டி அளவுக்கு ரிஸ்க் இல்லாத, வரி இல்லாத ஒரு வருமானம். அதை விட கம்மியும் இல்ல, அதிகமும் இல்ல.

நான் கேட்ட ஒரே கேள்வி: "நாளைக்கு உன் கம்பெனியில ஆர்டர் நின்னா, கையில எவ்வளவு இருக்கு?" சேவிங்ஸ்ல 40,000 இருந்தது. ரெண்டு இஎம்ஐ-க்குக் கூட முழுசா வராது.

நம்ம ஊர்ல இந்தக் கேள்வி பயமுறுத்தறதுக்காகக் கேட்கறது இல்ல. 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்குல, கழிவு நீரைச் சுத்திகரிக்காத டேனரிகளை மூடணும்னு தீர்ப்பு சொன்னப்ப இந்தப் பக்கம் எத்தனை வீடு கலங்குச்சுன்னு பெரியவங்களைக் கேளுங்க. 2020 லாக்டவுனை நாமளே பார்த்தோம். அப்ப ரிசர்வ் வங்கி மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் இஎம்ஐ தள்ளி வைக்க அனுமதிச்சது. ஆனா அந்த ஆறு மாசமும் வட்டி ஓடிட்டேதான் இருந்தது. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம பொருட்கள் மேல 50% வரி போட்டப்ப, அந்த நாட்டுக்கு ஷூவும் தோலும் அனுப்பற கம்பெனிகள்ல என்ன பேச்சு ஓடுச்சுன்னு உங்களுக்குத் தெரியும்.

சித்தப்பா வீட்ல இன்னொரு சிக்கல் இருக்கு. அப்பா சம்பளம், பையன் சம்பளம் ரெண்டும் ஒரே தொழில்ல இருந்து வருது. ஒரு பக்கம் அடிச்சா ரெண்டு பக்கமும் வலிக்கும். கடன்ல போட்ட பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. கையில பணம் இல்லாம மூணு இஎம்ஐ தவறினா, போன வருஷம் நீங்க ஒரு லட்சம் கூடுதலா கட்டினீங்கன்னு பேங்க் விட்டுக் கொடுக்காது.

அதனால அந்த ஒரு லட்சத்தை எஃப்டி-ல போடச் சொன்னேன். ஏற்கெனவே இருந்த 40,000-ஐயும் சேர்த்தா 1.4 லட்சம். ஆறு இஎம்ஐ-க்கு 1,34,826 வேணும். சரியா போதும். எஃப்டி-ல 6.5% வந்தா, கடன் வட்டிக்கும் அதுக்கும் வித்தியாசம் 1.75%. லட்சத்துக்கு வருஷம் 1,750 ரூபாய் நஷ்டம். ஆறு மாச நிம்மதிக்கு அது பிரீமியம்னு நினைச்சுக்கோங்க.

எஸ்பிஐ மேக்ஸ்கெயின் மாதிரி ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் வெச்சிருக்கறவங்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அதுல கூடுதலா போட்ட பணம் வட்டியையும் குறைக்கும், தேவைப்பட்டா எடுக்கவும் முடியும்.

எஸ்ஐபி போட்டா 12% வருமே?

வீடியோ கமென்ட்ல வாராவாரம் வர்ற கேள்வி. வரலாம், வராமலும் போகலாம். 8.25% மிச்சம் நிச்சயம். 12% எதிர்பார்ப்பு. ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சு எடை போடாதீங்க. நிலையான அரசு வேலை, சின்ன கடன், நீண்ட காலம் இருக்கறவங்க எஸ்ஐபி பக்கம் சாயலாம். ரெண்டு சம்பளமும் ஒரே தொழிலை நம்பி இருக்கற வீட்ல, ரிட்டயர்மென்ட் நாலு வருஷத்துல வரும்போது, நான் கடன் பக்கம்தான் சாய்வேன்.

பிஎஃப் அட்வான்ஸ் எடுத்துக் கடனை அடைக்கலாமான்னும் தம்பி கேட்டான். 2024-25-க்கு இபிஎஃப் வட்டி 8.25%. கடன் வட்டியும் 8.25%. ஒரு பையில இருந்து இன்னொரு பைக்கு மாத்தறதுல என்ன லாபம்? தொடாதீங்க.

ஆனா கிரெடிட் கார்டு பாக்கி, பர்சனல் லோன், கைமாத்து வட்டிக் கடன் ஏதாவது இருந்தா, வீட்டுக் கடனைப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி அதை முடிங்க. கார்டு பாக்கியில மாசத்துக்கே 3%-க்கு மேல போகும். வீட்டுக் கடன்தான் நீங்க வாங்கற கடன்லயே மலிவானது.

வரிச் சலுகை போயிடுமே?

பழைய வரி முறையில, சொந்தமா குடியிருக்கற வீட்டுக்கு வருஷம் 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். புதிய முறையில அந்தச் சலுகை கிடையாது. தம்பியோட வருஷச் சம்பளம் அஞ்சு லட்சத்துக்குள்ள. 2025-26-ல இருந்து புதிய முறையில 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது. கட்டாத வரிக்குச் சலுகை எதுக்கு?

பழைய முறையில 30% ஸ்லாப்ல இருக்கறவங்களுக்கு கணக்கு வேற. அவங்களுக்கு 2 லட்சம் வட்டிக்கு அதிகபட்சம் 62,400 மிச்சம். 8.25% கடன், வரி போக சுமார் 5.7% தான் அடக்கம். அவங்க அவசரப்பட வேண்டியதில்ல. ஆனா ஒரு விஷயம்: 62,400 மிச்சம் பண்ண 2 லட்சம் வட்டி கட்டணும். சலுகைக்காகவே கடனை இழுக்கறது லாபம் இல்ல.

பேங்க்ல எப்படிச் செய்யணும்?

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. நானும் விட்டிருக்கேன். என் சொந்தக் கடன்ல ஒரு தடவை 50,000 கூடுதலா அனுப்பினேன். ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா அது அடுத்தடுத்த இஎம்ஐ-க்கு முன்பணமா உட்கார்ந்திருக்கு. அசல் ஒரு பைசா குறையல. எழுதிக் கொடுத்து மாத்த வேண்டியதா போச்சு. அதனால:

- ஆன்லைன்ல கட்டினா "பார்ட் பேமென்ட்"னு இருக்கற இடத்துல மட்டும் கட்டுங்க. இல்லைன்னா கிளையில கடிதம் கொடுங்க: "இந்தத் தொகையை அசலில் வரவு வைக்கவும். இஎம்ஐ மாற வேண்டாம், காலத்தைக் குறைக்கவும்." இந்த ரெண்டு வரி போதும்.
- கட்டின அடுத்த சில நாள்ல ஸ்டேட்மென்ட் எடுத்து, பாக்கி அசல் குறைஞ்சிருக்கான்னு பாருங்க. புது தவணை அட்டவணையும் கேட்டு வாங்குங்க.
- சில இடத்துல பார்ட் பேமென்ட்டுக்கு குறைந்தபட்சத் தொகை வெச்சிருப்பாங்க. 5,000 ஏத்துக்கலைன்னா ரெக்கரிங் டெபாசிட்ல சேர்த்து மூணு மாசத்துக்கு ஒரு தடவை கட்டுங்க.
- அபராதம் இருக்கான்னு பயப்படாதீங்க. தனிநபர் ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி முடிக்க வங்கிகள் கட்டணம் வாங்கக்கூடாதுன்னு 2012-லயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. 2026 ஜனவரி 1-ல இருந்து அனுமதிக்கப்படற கடன்களுக்கு விதி இன்னும் தெளிவு: முழுசா கட்டினாலும் பகுதியா கட்டினாலும், பணம் எங்கிருந்து வந்தாலும், கட்டணம் கிடையாது. லாக்-இன் காலமும் கிடையாது. ஃபிக்ஸட் வட்டிக் கடன்னா மட்டும் ஒப்பந்தத்தைப் படிங்க. பிரிட்டன்ல இருக்கற நம்ம நண்பர்களுக்கு ஃபிக்ஸட் டீல்ல பொதுவா வருஷம் 10% வரைக்கும்தான் கட்டணம் இல்லாம கூடுதலா கட்ட முடியும். அந்த விஷயத்துல நாம கொடுத்து வெச்சவங்க.
- 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கைப்படி, வட்டி மாறும்போது இஎம்ஐ-யை ஏத்தறதா, காலத்தை நீட்டறதான்னு தேர்ந்தெடுக்கற உரிமை உங்களுக்கு உண்டு. பேங்க் கேட்கலைன்னா நீங்க கேளுங்க.
- புதுசா கடன் வாங்கறவங்களுக்கு அதே பேங்க் என்ன வட்டி தருதுன்னு பாருங்க. உங்களை விட கம்மின்னா ஸ்ப்ரெட்டைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க. சின்னக் கட்டணம் கேட்கலாம். வேற பேங்க்குக்கு மாத்தறதுக்கு முன்னாடி பிராசசிங் கட்டணம், புது எம்ஓடி-க்கு முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்துக் கூட்டுங்க.

இஎம்ஐ-யையே 27,500 ஆக்கிடலாமா?

வேண்டாம். இஎம்ஐ-யை ஏத்தினா அது கட்டாயம். 22,471-ஐ அப்படியே வெச்சுட்டு 5,000-ஐ தனியா கட்டினா அது உங்க விருப்பம். வேலையில பிரச்சனைன்னா நாளைக்கே நிறுத்தலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. வட்டி மிச்சம் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

சித்தப்பாவோட கிராஜுவிட்டி

கடைசியா இந்தப் பேச்சு வந்தது. அடிப்படைச் சம்பளம் 24,000, 25 வருஷ சர்வீஸ்னு வெச்சா, 24,000 × 15/26 × 25 = சுமார் 3.46 லட்சம் கிராஜுவிட்டி வரும். "அது வந்ததும் மொத்தமா கடன்ல போட்டுடறேன்"னார் சித்தப்பா.

நான் ஒத்துக்கல. அது அவரோட வயசான காலத்துப் பணம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல இப்போ 8.2% வட்டி. ரிட்டயர் ஆனவங்க 60 வயசுக்கு முன்னாடியே, 55 முடிஞ்சிருந்தா, பணம் கைக்கு வந்த குறிப்பிட்ட நாளுக்குள்ள சேரலாம். அன்னைக்கு வட்டி எவ்வளவுன்னு பார்த்து முடிவு பண்ணலாம், ஆனா இன்னைய நிலவரப்படி 8.2% வருமானத்தை விட்டுட்டு 8.25% கடனை அடைச்சு, மருந்துச் செலவுக்குப் பையன் கையை எதிர்பார்க்கணுமா? கடனைத் தம்பியோட கூடுதல் தவணை பார்த்துக்கட்டும். அதோட 25 லட்சத்துக்கு ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸை தம்பி பேர்ல இந்த மாசமே எடுக்கச் சொன்னேன். அது இல்லாம இந்தத் திட்டம் எல்லாம் ஒரே ஆளோட உயிரை நம்பி நிக்குது.

முடிஞ்சதும் மறக்காதீங்க

கடன் முடிஞ்சா 30 நாளுக்குள்ள அசல் பத்திரங்களை பேங்க் திருப்பித் தரணும். அவங்க பக்கம் தாமதம்னா நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1-ல இருந்து இது நடைமுறையில இருக்கு. பத்திரம் வாங்கினதோட நிக்காம, சார்பதிவாளர் அலுவலகத்துல எம்ஓடி ரத்து ரசீதைப் பதிவு பண்ணி, வில்லங்கச் சான்றிதழ்ல வந்திருக்கான்னு பாருங்க. இதை விட்டவங்க பத்து வருஷம் கழிச்சு வீட்டை விக்கப் போகும்போது அலையறதை நான் பார்த்திருக்கேன்.

போன வாரம் தம்பி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். பிப்ரவரி இஎம்ஐ-யோட முதல் 5,000 பார்ட் பேமென்ட். பாக்கி அசல்ல அது கழிஞ்சிருக்கு. கீழே ஒரு வரி: "அப்பா ரெண்டு தடவை கண்ணாடி போட்டுப் பார்த்தார் அண்ணா."

நீங்களும் இன்னைக்கு ஒரு வேலை செய்யுங்க. உங்க வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட்டை எடுங்க. மூணு எண் எழுதுங்க: பாக்கி அசல், இப்போதைய வட்டி, கடைசி இஎம்ஐ தேதி. அந்தத் தேதியில உங்க அப்பாவுக்கு என்ன வயசுன்னு பக்கத்துல எழுதுங்க. மிச்சம் என்ன செய்யணும்னு உங்களுக்கே தோணும்.

(இது பொதுவான தகவல். உங்க ஒப்பந்தம், வரி நிலையைப் பார்த்து முடிவு எடுங்க.)